கறுப்பு ஜன்னலில் ஒரு வரி

எண்டரைத் தட்டிய விரல் இன்னும் மேலே எழும்பவில்லை... அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ!"

பக்கத்து மேசைக்காரி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். "என்னடி?"

"செத்தேன்..."

திரை அப்படியே உறைந்து நின்றது. அது ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு கண் கிளினிக்கின் கம்ப்யூட்டர். தன் அலுவலக நாற்காலியில் இருந்தபடியே நெட் வழியாக அதற்குள் புகுந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார். அதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு. கட்டளைகள் அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, நீளமாக ஒரு வரி அடித்தால் நெட்வொர்க் இணைப்பு துண்டிக்கப்படும். அதே மாதிரி இன்னொரு வரி அடித்தால் மறுபடி சேரும். முதல் வரி 'டிஸேபிள்' என்று முடியும், அடுத்தது 'எனேபிள்' என்று முடியும். தூங்கி வழிகிறவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான்.

ஆனால் தூரத்தில் இருந்து செய்யும்போது இரண்டையும் கோத்து, ஒரே எண்டரில் அனுப்ப வேண்டும். இணைப்பு துண்டானால் நாம் உள்ளே போன வழியும் துண்டாகிவிடும். அப்புறம் சேர்ப்பதற்கு ஆள் ஏது? இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. இவளோ பாதி வரியிலேயே எண்டரைத் தட்டிவிட்டாள்.

அவசரம். பிறந்ததில் இருந்தே அவசரம். வீட்டில் அவளைப் 'பம்பரம்' என்று கூப்பிட ஆரம்பித்து, அந்தப் பெயர் பள்ளிக்கூடம், கல்லூரி, அலுவலகம் என்று விடாமல் பின்னாலேயே வந்திருந்தது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சாவிக்கொத்து விரலில் சுற்றும்.

போன் அடித்தது.

"வணக்கம்ங்க, கண் கிளினிக்ல இருந்து பேசறேன்." நிதானமான ஆண் குரல். "நெட் மெதுவா இருக்குன்னு சொல்லியிருந்தோம்ல..."

"ஆமா சார்."

"இப்ப மெதுவா இல்லைங்க."

"அப்பாடா!"

"இல்லவே இல்லைங்க."

பம்பரம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். "சார், உங்க திரைல ஒரு கறுப்பு ஜன்னல் தெரியுதா? அதுல நான் சொல்றதை மட்டும் அப்படியே அடிச்சுடுங்க. ஒரே நிமிஷம்."

ஒரே நிமிஷமா... மறுமுனையில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு யுகம் கழித்து இன்னொரு 'டொக்'.

"'என்' எழுத்துக்கு அடுத்து ஈ-ன்னீங்க... ஈ எங்கங்க இருக்கு?"

"மேல் வரிசைல சார்."

"ஆங்... மாட்டிக்கிச்சு. அடடா, கை பட்டு பக்கத்துல இருந்த டபிள்யூவும் விழுந்துடுச்சு."

"அழிங்க."

"எதைங்க? எல்லாத்தையுமா?"

முழு வரியை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தப்பு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் 'இப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று கையை விரித்தது. அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்துக் காட்டினார். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்க எதையும் தொடாதீங்க சார். நானே வரேன்!"

குடையை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

---

மழை சும்மா பெய்யவில்லை. வஞ்சம் வைத்துப் பெய்தது.

பேருந்தை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அவள் தலையில் இருந்து தரைக்கு நேர் கோடாகத் தண்ணீர் ஒழுகியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக ஆட்கள். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. உள்ளே ஓர் இருட்டு அறை. அங்கிருந்து ஒரு குரல்.

"அடுத்து யாரு? நீங்களா? வாங்க, சீக்கிரம்."

அதே நிதானக் குரல். 'சீக்கிரம்' என்பதைக்கூட மெதுவாகத்தான் சொன்னது.

"சார், நான் வந்து..."

"உக்காருங்க. நாடியை இதுல வைங்க. நெத்தியை முன்னாடி சாய்ங்க. அசையாதீங்க."

"இல்ல சார், நான்..."

"பேசினா நாடி அசையும். அசையாதீங்க."

என்ன மாயமோ, அவள் அசையவில்லை. பெற்ற அம்மா ஆயிரம் தடவை சொல்லியும் நடக்காத அதிசயம்.

மெல்லிய கோடாக ஒரு வெளிச்சம் அவள் கண்ணுக்குள் நுழைந்தது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், இன்னொரு முகம். சரியாகத் தெரியவில்லை. ஒரு நெற்றி... அதில் விழுந்த கொஞ்சம் முடி... மூச்சு விடுகிற சத்தம். யாரும் அவள் கண்ணை இவ்வளவு நேரம், இவ்வளவு அக்கறையாக, இவ்வளவு பக்கத்தில் பார்த்தது கிடையாது. அது அவருடைய தொழில்தான். அது தெரிந்தும், அவளுக்கு எச்சில் விழுங்கக் கூச்சமாக இருந்தது.

"சிவந்திருக்கு..." என்று முணுமுணுத்தார். "ரொம்ப வறண்டும் இருக்குங்க. வெளிய இவ்வளவு மழை... உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. நீங்க கண்ணைச் சிமிட்டறதே இல்லையா?"

"தெரியலையே... கவனிச்சதில்ல."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"இப்போதைக்கு உங்க நெட்டைக் கட் பண்ற வேலை."

வெளிச்சம் சட்டென்று அணைந்தது. அறை விளக்கு எரிந்தது. அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டார்கள். தொப்பலாக நனைந்த ஒரு பெண். கையில் பேனாவோடு திருதிருவென்று விழிக்கிற ஒரு கண் பரிசோதகர். அவருடைய கண்கள் பெரியவை, சாந்தமானவை, இமைகள் நிதானமாக மூடித் திறப்பவை. ஊராருக்குச் சொல்கிற பாடத்தைத் தானும் கடைப்பிடிக்கிறார் போல.

"போன்ல பேசினது நீங்களா! மன்னிச்சுக்குங்க. அப்போ கோளாறு என்னங்க? வயரா?"

'வயர்தான்' என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது. வாய்க்கும் அவசரம், உண்மை முந்திக்கொண்டு விழுந்துவிடும்.

"நான்தான். வீட்டுக்குள்ள இருந்து வேலை பண்றதா நினைச்சுக்கிட்டு, வெளிய நின்னே உள்தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவளைப் பார்த்து அடுத்தவர் சிரிக்கலாமா?

"சிரிங்க, சிரிங்க. நீங்க ஈ-யைத் தேடினதை நான் யார்கிட்டயும் சொல்லல."

அதற்கும் சிரித்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கறுப்பு ஜன்னலில் வரியை அடித்து, எனேபிள் என்று முடித்து எண்டரைத் தட்டினாள். நெட் உயிர்பெற்றது. இங்கே எடுக்கிற கண் படங்கள் வேறு ஊரில் இருக்கிற பெரிய டாக்டருக்குப் போக வேண்டும். காத்துக்கிடந்த படங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்தில் ஈரக் குடையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். மெலிந்த உருவம், கூர்மையான பார்வை. வரவேற்பு மேசை அவருடையது. பரிசோதகர் அவருடைய மகன்.

"யாருடா இந்தப் பொண்ணு? இந்த விரல் இந்த ஓட்டம் ஓடுது!"

"நெட் சரி பண்ண வந்திருக்காங்கம்மா."

"நல்ல கை. ஆனா சுண்டு விரலைச் சும்மா வச்சிருக்கியேம்மா, அதுக்கும் வேலை குடு." அந்த அம்மாள் ஒரு காலத்தில் தட்டச்சு டீச்சர். விரல்களைப் பார்த்தே என்ன அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அந்த வித்தை ஒட்டவே இல்லை. இன்றைக்கும் இரண்டு விரல்தான்.

பம்பரம் கிளம்பினாள். கறுப்பு ஜன்னலை மூடவில்லை, கீழே இறக்கி மட்டும் விட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்ற எண்ணம்தான். எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிகிற முழு உரிமையோடு திறந்த ஜன்னல் அது. அதை அப்படி விட்டு வரக்கூடாது. வந்தாள்.

"ஒரு நிமிஷம்..." வாசல்வரை வந்த பரிசோதகர் அம்மாவின் குடையை நீட்டினார். "கண்ணுக்கு ஓய்வு குடுங்க. அப்பப்போ தூரத்துல இருக்கிற எதையாவது பாருங்க. சிமிட்டுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கை வாங்கிக்கொண்டது.

---

அடுத்த வாரம் கிளினிக்கின் நெட் மறுபடியும் போனது.

போனில் அந்த அம்மாள். "மறுபடியும் நின்னுடுச்சும்மா..."

"ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"எனக்கு இந்த மெஷின் எல்லாம் என்னம்மா தெரியும்? எழுத்து வேற கண்ணுக்குச் சரியாத் தெரியல. நீ நேர்லயே வந்துடேன்."

கண் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு கண் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் யாருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? பம்பரத்துக்கு வரவில்லை. அவள் ஏற்கெனவே பைக்குள் குடையைத் திணித்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய குடை, பாருங்கள். போகாமல் முடியுமா?

போனாள். புது ஜன்னல் திறந்து, எனேபிள் அடித்து, நெட்டை எழுப்பினாள். வயரை மாற்றிப் பார்த்தாள். பரிசோதகர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப சிமிட்டறீங்களா?"

"சிமிட்டறேன்."

"தூரத்துல என்ன பாத்தீங்க?"

"எதிர் மாடில ஒருத்தர் துணி காயப் போடறாரு. நாலு நாளா ஒரே நீலச் சட்டை."

"காயலையோ என்னவோ... மழைல்ல?"

இருவரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது சிரித்தவர்களுக்குத்தான் தெரியும். வரவேற்பு மேசையில் அந்த அம்மாள் மட்டும் எதையுமே கேட்காதவர் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நெட் மறுபடி போனது. மறுபடி வந்தாள். பரிசோதகர் பேச ஆரம்பித்தார். கண்ணாடி போட்டு முதல்தடவை மரத்தில் தனித்தனி இலையைப் பார்த்துக் கத்திய ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி... பார்வை நன்றாக இருந்தும் கண்ணாடி வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு மாப்பிள்ளையைப் பற்றி... அவள் கேட்டுக்கொண்டே கேபிளைச் செருகினாள், கழற்றினாள், மறுபடி செருகினாள். வேலை முடிந்த பிறகும் செருகினாள்.

அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. போன் மணி அடித்தால் நெஞ்சு துள்ளும். வேறு இடத்தில் இருந்து என்றால் வாடும். கிளினிக்கின் நெட் நன்றாக ஓடுகிறதா என்று நாளுக்குப் பத்து தடவை பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. 'ஏய், உனக்கு என்ன ஆச்சு? நெட் ஓடினா சந்தோஷப்படறதுக்குத்தானே சம்பளம்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் வெட்கம்... மனசுக்குள் அவருக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாள். 'அசையாதீங்க.'

மேலாளர் கூப்பிட்டார். எப்போதும் தொண்டை மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர்.

"வைத்தியர் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனா என்னம்மா அர்த்தம்? ஒண்ணு வியாதி தீரல. இல்ல, வைத்தியருக்கு வேலை தெரியல."

"சார், கம்ப்யூட்டரோட நெட்வொர்க் கார்டுல ஏதோ..."

"ஏதோ வேண்டாம். இந்த மாசக் கடைசில உன் வேலையை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு நான் எழுதணும். அந்த கிளினிக் இன்னொரு தடவை விழுந்தா, காரணத்தோட வா. காரணம் இல்லாம வந்தா உன் பேரை எழுத எனக்குக் கை வராது."

வீட்டில் அப்பா அதற்காகத்தான் காத்திருந்தார். அவருக்குக் கட்டில் மெத்தைக் கடை. "ரொம்ப நல்லது. வேலை நிலைக்கலைன்னா கடைக்கு வந்துடு. கல்லாவுல உக்கார ஆள் இல்லாம நான் திண்டாடறேன். நிழல்ல உக்காந்த இடத்துலயே வேலை. இதைவிட என்னம்மா வேணும்?"

உட்கார்ந்த இடத்திலேயே... காலையில் இருந்து சாயங்காலம்வரை... மெத்தையில் படுத்துப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு! அந்த ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வேலை வேண்டும். எப்பாடு பட்டாவது வேண்டும்.

இரண்டாம் நாளே போன் அடித்தது.

"போயிடுச்சும்மா..." என்றார் அந்த அம்மாள்.

---

இந்தத் தடவை அவள் யாரிடமும் பேசவில்லை. நேராக உட்கார்ந்தாள். எனேபிள் அடிப்பதற்கு முன்னால் இணைப்பின் நிலையைக் காட்டச் சொல்லி ஒரு வரி அடித்தாள். முதல் நாளில் இருந்தே செய்திருக்க வேண்டியது.

திரையில் பதில் வந்தது. அவள் சிமிட்டவில்லை.

வயர் கழன்றாலோ, கார்டு கெட்டாலோ, முதல் கட்டத்தில் 'எனேபிள்' என்றுதான் இருக்கும். தொடர்பு இல்லை என்று பக்கத்துக் கட்டம்தான் சொல்லும். இங்கே முதல் கட்டத்திலேயே 'டிஸேபிள்' என்று இருந்தது. அது தானாக மாறாது. யாராவது சொன்னால்தான் மாறும்.

கீழே, அவள் மூடாமல் விட்டுப்போன பழைய கறுப்பு ஜன்னல். திறந்தாள். அவள் அடித்த வரிக்குக் கீழே, அவள் அடிக்காத வரிகள். ஒவ்வொன்றும் டிஸேபிள் என்று முடிந்தது.

காது மடல் சூடேறியது. போனை எடுத்து அந்த ஜன்னலைப் படம் பிடித்தாள். மேலாளர் கேட்ட காரணம் இதோ.

இருட்டு அறையில் இருந்து அவர் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

"இது உங்க வேலையா?"

அவர் திரையைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு படித்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் ஏற்கெனவே பளபளவென்றிருந்த கண்ணாடியைத் துடை துடையென்று துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"சொல்லுங்க. இது தானா நடக்காது. இங்க இருக்கிற யாரோ பண்ணது. நீங்கதானே?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கூட மறு கண்ணால் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார் அவர். "நான்தான்."

"எதுக்கு?"

அவர் கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார்.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு, இல்ல? ஒரு பொண்ணு மழைல ஓடி வரா, ஓடிப் போறா... நல்ல வேடிக்கை. என் வேலை போயிடும் தெரியுமா உங்களுக்கு? வேலை தெரியாதவன்னு எழுதிடுவாங்க. நான் ராத்திரியெல்லாம் தூங்காம, கார்டு கெட்டிருக்கா, வயர் கெட்டிருக்கான்னு..." இவர் எதிரில் அழுவதைவிட மெத்தைக் கடையே மேல். எனேபிள் அடித்தாள். இரண்டு ஜன்னல்களையும் படார் படாரென்று மூடினாள். எழுந்தாள்.

"குடையாவது..." என்றார் அவர்.

"வேண்டாம்!"

---

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. நடந்தாள். வீட்டுக் கூடத்தில் நடந்தாள், அலுவலகத் தாழ்வாரத்தில் நடந்தாள். பேருந்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். போனைத் திறந்தாள், மூடினாள். கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் இவ்வளவு கோபம் வந்த இடத்தில் வேறு என்னவோ இருந்திருக்கிறது என்று அடிக்கடி தோன்றித் தொலைத்தது.

மேலாளர் கூப்பிட்டார். மாத்திரையை இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"அந்த கிளினிக்காரர் போன் பண்ணினாரு. தப்பு மொத்தமும் அவரோடதாம். உன் மேல ஒரு குறையும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. அப்புறம் என்ன? நிரந்தரம்னு எழுதிடறேன். சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார்."

சந்தோஷம் வரவில்லை. தன் இடத்துக்கு வந்து, போனில் இருந்த அந்தப் படத்தைத் திறந்தாள். அன்றைக்குக் கோபத்தில் கடைசி வரிகளைத்தான் பார்த்திருந்தாள். இப்போது மேலே இருந்து பார்த்தாள்.

உச்சியில், முதல் நாள் அவளே பாதியில் அனுப்பிய டிஸேபிள் வரி. அதன் கீழே, அன்றைக்குப் பரிசோதகர் அடித்த வரிகள். எழுத்து மாறி, இடைவெளி விட்டுப்போய், ஈ-யோடு டபிள்யூவும் விழுந்து... ஒவ்வொன்றுக்கும் கீழே, இப்படிக் கட்டளை இல்லை என்ற பதில். அதற்குக் கீழே அவள் அடித்தது. அதற்கும் கீழே, அந்த டிஸேபிள் வரிகள்.

ஒன்றில்கூடத் தப்பு இல்லை. அவ்வளவு நீளமான வரி... முதல் தடவையிலேயே... ஒவ்வொரு தடவையும்.

அவர் அடித்திருந்தால் ஒரு வரி சரியாக விழுவதற்குள் ஜன்னல் நிரம்பியிருக்கும்! இது இரண்டு விரல் கை இல்லை. பத்து விரலும், சுண்டு விரல் உட்பட, வேலை செய்கிற கை.

'எனக்கு இந்த மெஷின் எல்லாம் என்னம்மா தெரியும்?'

பம்பரம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் அவரைக் கூண்டில் ஏற்றினாளே... அவர் வாயைத் திறந்து 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அம்மாவையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் வேலையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தக் கறுப்பு ஜன்னலை முழு உரிமையோட திறந்து, மூடாம விட்டுட்டு வந்தது நான். அதை ஒழுங்கா மூடியிருந்தா, அங்க யாராலயும் நெட்டைத் துண்டிச்சிருக்க முடியாது. அவர் மேல மட்டும் பழியைப் போடாதீங்க."

மேலாளர் அவளையே பார்த்தார். "இதை நீயா வந்து சொல்லணும்னு கட்டாயம் இல்லையே?"

"இல்ல சார்."

"சொன்னா வேலை போனாலும் போகலாம்னு தெரியும்ல?"

"தெரியும் சார்." மெத்தைக் கடைக் கல்லா கண் முன்னால் வந்து நின்றது.

மாத்திரை கடக்கென்று உடைந்தது. "தப்பை மறைக்கிறவங்களை வச்சுக்கிட்டுத்தான் நான் இங்க தலையைப் பிச்சுக்கறேன். நிரந்தரம்னே எழுதறேன், போ. ஆனா அந்த கிளினிக் பக்கம் இனி நீ தலை வைக்கக்கூடாது. போன்லயும் நீ பாக்க வேண்டாம். அது வேற ஆளுக்கு."

வேலை நிலைத்தது. கூடவே, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதற்கு இருந்த ஒரே காரணமும் போனது.

---

சாயங்காலம். மழை விட்டபாடில்லை. கடைசி நோயாளியும் போய்விட்டார். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நான்தாம்மா..." குரல் உடைந்தது. "அவன் பண்ணல. நான்தான் பண்ணேன். உன் விரலைப் பாத்தே படிச்சுட்டேன். அந்த ஜன்னல் அங்கயே இருந்துச்சா, நெட்டைத் துண்டிச்ச உன் முதல் வரியும் அதுலயே இருந்துச்சா... நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் இவன் மனுஷன் மாதிரி நாலு வார்த்தை பேசறான். மத்த நாள்ல 'அசையாதீங்க'ங்கறதைத் தவிர இவன் வாயில என்ன வருது, சொல்லு? பெத்தவளுக்கு ஆசை இருக்காதா? உன் வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா என் கையை வெட்டிப் போட்டிருப்பேன்."

"தெரியும்மா. ஒரு தப்புகூட இல்லாம அடிச்சிருந்தீங்க."

அந்த நிலையிலும் டீச்சரின் முகத்தில் ஒரு நொடி பெருமை மின்னியது. உடனே அடக்கிக்கொண்டார். "உள்ளதான் இருக்கான். நான்... நான் போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன்." குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

பரிசோதகர் இருட்டு அறையின் வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இளைத்த மாதிரி இருந்தார். அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள். கடுமையாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் குழைந்துவிட்டது.

"பாதிதாங்க பொய்."

"மீதி?"

அவர் சொல்லத் தடுமாறினார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தார்.

"கை அம்மாவோடது. ஆசை என்னோடது. ஒவ்வொரு தடவை நெட் போனப்பவும்... வெளிய இத்தனை பேர் காத்துக்கிடக்கறாங்களேன்னு நான் கவலைப்பட்டிருக்கணும். படல. நீங்க வரப் போறீங்கன்னு சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்ப அது நான் பண்ண மாதிரிதானே? அதான் நான்தான்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. இதைச் சொல்லாமலே விட்டுடுவேனோன்னுதான் பயமா இருந்துச்சு."

அவள் கண்ணில் ஈரம் கட்டியது. சிமிட்டினாள். வழிந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "யாரோ வேணும்னே பண்றாங்கன்னு ரெண்டாவது தடவையே நான் கண்டுபிடிச்சிருக்கலாம். ஒரு வரி அடிச்சா போதும், திரையே சொல்லியிருக்கும். நான் அடிக்கல."

"ஏன்... தோணலையா?"

"தோணுச்சு. காரணம் தெரிஞ்சுட்டா சரி பண்ணிடணுமே... சரி பண்ணிட்டா அப்புறம் இங்க வர முடியாதே..."

அவர் முகம் விரிந்தது. அந்தப் பெரிய, சாந்தமான கண்கள் அன்றைக்கு முதல்தடவையாகச் சிமிட்ட மறந்தன.

"ஆனா இனி முடியாது," என்றாள் அவள். "இந்த கிளினிக்குக்கு நான் வரக்கூடாதுன்னு உத்தரவு. நெட் போனா வேற ஆள்தான் வருவாரு."

விரிந்த முகம் அப்படியே சுருங்கியது. "அப்போ... இனி இங்க எது கெட்டாலும் நீங்க வர மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தவிக்க விடலாம் என்றுதான் நினைத்தாள். அவளால் முடியவில்லை.

"இங்க பாருங்க..." பக்கத்தில் வந்து, அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். "இனிமே எதுவும் கெடாமலே வரேன். நாளைக்கு வரேன். நாளன்னைக்கும் வரேன். எதுக்கு வந்தேன்னு மட்டும் கேக்காதீங்க... உங்களைப் பாக்கத்தான்."